பட்டிப்பொலவிலிருந்து அங்கொடைக்கு

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்திருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி. நானுஓயாவில் நின்றிருந்த பாதை 1893இல் அப்புத்தளை வரை நீண்டபோது இந்த மேட்டையும் கடந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு, செய்தி சேகரிக்கப் போன இடத்தில், இந்த நிலையத்தின் மேடையில் கண்ட ஒரு காட்சி இன்றும் என் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இரவு அஞ்சல் வண்டிக்காகத் தோட்டத்துக் குடும்பமொன்று காத்திருந்தது. நடுவில் கம்பளி போர்த்திய ஒரு மனிதர். கம்பளி விலகியபோதுதான் அவரது கைகள் கயிற்றால் கட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். "எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்டேன். "அங்கொடைக்குங்க ஐயா" என்றார் உடன்வந்த முதியவர். பதினைந்து வருடக் குடி; மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்; மூன்றாம் இரவு லயத்துச் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கத்தினார்; மந்திரித்தும் பேய் இறங்கவில்லை; ஆகவே கொழும்புக்கு. முதியவர் சொன்ன கதை இவ்வளவுதான்.

அந்த மனிதரைப் பிடித்தது பேயுமல்ல, பைத்தியமுமல்ல என்பதைப் பின்னாளில் ஒரு வைத்தியர் எனக்கு விளக்கினார். நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனம் பேதலித்து, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். கவனியாது விட்டால் உயிரும் போகலாம். ஆனால் சில நாட்கள் வைத்தியசாலையில் வைத்து, நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையை அளவு குறைத்துக்கொண்டே கொடுத்து, தயமின் என்ற உயிர்ச்சத்தை ஊசிமூலம் ஏற்றினால் பெரும்பாலோர் தெளிந்துவிடுவர். அதற்குப் பிறகுதான் உண்மையான சிகிச்சை ஆரம்பமாகிறது: உளவளத்துணை, குடும்பத்தாருடன் பேச்சு, மீண்டும் குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்து, மாதக்கணக்கான தொடர் சந்திப்பு. குடிக்கு அடியில் மனச்சோர்வு இருந்தால் அதற்கும் தனி வைத்தியம்.

இவற்றுள் ஒன்றாவது அன்று அந்தத் தோட்டத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் கயிறு தேவைப்பட்டிராது. ஏன் இருக்கவில்லை என்பதே என் கேள்வி.

மது மலைக்கு வந்த பாதை நேரானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு சாராயம் விற்கும் உரிமையைப் பிரதேசம் பிரதேசமாக ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தவர் குத்தகைப் பணத்தை மீட்டு இலாபமும் காணவேண்டும். ஆகவே அதிகம் விற்கவேண்டும். முதலில் கோப்பி, பின்னர் தேயிலை எனத் தோட்டங்கள் பெருகி, கையில் கூலி பெறும் ஆயிரக்கணக்கானோர் குடியேறிய இடத்தில் தவறணை முளைப்பதற்கு வேறு காரணம் வேண்டுமா? சாராயக் குத்தகையில் சேர்ந்த செல்வம் இலங்கையின் மேட்டுக்குடியினர் பலரின் எழுச்சிக்கு எவ்வாறு மூலதனமாயிற்று என்பதைப் பேராசிரியை குமாரி ஜயவர்தன 2000இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1912இல் மதுவரிச் சட்டம் வந்து பழைய முறை மாறியது. தவறணை மாறவில்லை, அரசுக்கு வரி வருவதும் நிற்கவில்லை. சாராயத்துக்குக் காசில்லாதவனுக்குக் கசிப்பு இருந்தது.

குளிருக்குக் குடிப்பதாகத் தோட்டத்தில் சொல்வார்கள். பட்டிப்பொலவின் குளிரை அனுபவித்தவர்கள் அதை நம்பவும் கூடும். உண்மையில் மது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து வெதுவெதுப்பான உணர்வைத் தருகிறதே தவிர, உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது.

வைத்தியம் வந்த பாதையோ வேறு. பொரளையில் 1847இல் மனநோயாளர் விடுதி அமைந்தது. 1873இன் சட்டம் நோயாளியை முதலில் நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. 1926இல் அங்கொடை வைத்தியசாலை உருவாயிற்று. அதுவும் விரைவிலேயே நிரம்பி வழிந்தது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் எட்வர்ட் மேப்பதர் 1937இல் இலங்கை வந்து நிலைமையை ஆராய்ந்து, மாற்றங்களுக்குப் பரிந்துரை செய்தார். ஆயினும் நெடுங்காலம் மனநோய் வைத்தியம் என்றால் தலைநகரின் ஓரம்தான். 'அங்கொடை' என்பது மலையகத்தில் ஊரின் பெயராக இல்லாமல் வசைச்சொல்லாகவே வழங்கிற்று.

அங்கொடை உருவான மறு ஆண்டு, 1927 நவம்பரில், காந்தியடிகள் இலங்கை வந்தார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடம் மதுவைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர் சொல்லைக் கேட்டுச் சிலர் விட்டிருக்கலாம். விடமுடியாதவன் என்ன செய்வான்? அறிவுரை அவனுக்குக் குற்றவுணர்வைத் தரும். நடுங்கும் கையை நிறுத்தாது. அறிவுரைக்கு அப்பால் செல்லும் ஏற்பாடு வர மேலும் பல தசாப்தங்கள் ஆயின. 1984இன் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அது சிகிச்சை நிலையங்களை அமைத்தது. ஆழிப்பேரலையின் பின், 2005இன் உளநலக் கொள்கை, வைத்தியத்தை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவலாக்க வழிசெய்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் நாட்சம்பளக்காரருக்குக் கண்டியும் தூரம்தான். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. தன் மனதைத் தமிழில் சொல்ல முடியாத இடத்தில் உளவளத்துணையால் பயனும் இல்லை.

வேறு வழி இருக்கிறதா? மலையகத்தாரின் மூதாதையர் பலர் புறப்பட்டுவந்த தஞ்சை மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்னையில் 1980இல் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிக் குடிநோயாளருக்குச் சிகிச்சை அளித்த சாந்தி ரங்கநாதன், பின்னர் மஞ்சக்குடிக் கிராமத்துக்கே வைத்தியத்தைக் கொண்டுசென்றார். பதினைந்து நாள் முகாம், ஊரார் ஒத்துழைப்பு, பிறகு தொடர்ந்த கண்காணிப்பு. நோயாளி நகரத்தைத் தேடிப் போகவில்லை. வைத்தியம் அவனைத் தேடி வந்தது. தோட்டத்துப் பாடசாலை மண்டபமொன்றில் இதைச் செய்ய முடியாதா?

இன்று நம் கையில் இரண்டு தொலைபேசி எண்கள் உண்டு. தேசிய மனநல நிறுவகத்துக்கு 1926. அபாயகர ஔடதச் சபைக்கு 1927. அங்கொடை உருவான ஆண்டும் காந்தி வந்த ஆண்டும் இவ்வாறு பொருந்தியிருப்பதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. தோட்டத்து இளைஞர்கள் இரண்டையும் மனதில் வைத்திருக்கட்டும். குடிப்பவர் விரதத்துக்காக நிறுத்த நினைத்தால், காப்புக் கட்டும் முன் ஒரு வைத்தியரைப் பார்க்கச் சொல்லட்டும்.

அன்றிரவு பட்டிப்பொலவில் கண்டதை நான் செய்தியாக எழுதவில்லை. குடிபோதையில் நடந்த அடிதடிகளைப் பத்தி பத்தியாக எழுதியவன்தான் நான். வண்டி வந்தது, அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள், நான் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். அவர் திரும்பி வந்தாரா என்று விசாரிக்கவும் இல்லை.