இரைச்சலும் ஞாபகசக்தியும்

செவிப்புலனைக் கெடுக்குமளவு உரத்ததாக இல்லாவிடினும், நாள்தோறும் ஓயாது காதில் விழும் வேண்டாத ஒலி, சரீரத்தை இடையறாத எச்சரிக்கை நிலையில் நிறுத்தி, அதன் வாயிலாக மூளையின் ரசாயன சமநிலையையும் ஞாபகசக்தியையும் குலைப்பதை நீடித்த இரைச்சல் அழுத்தம் என்பர்.

உறக்கத்திலும் காது மூடிக்கொள்வதில்லை. ஒலியை ஆபத்தின் அறிகுறியாக மூளையின் அச்ச மையமான அமிக்டலா கொள்ளுமாயின், அட்ரினலினும் நார் அட்ரினலினும் முதலில் விரைந்து சுரக்க, சற்றே பின்னர் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியையும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிகளையும் தூண்டுவதால் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. புதிய அனுபவங்களை நிலையான நினைவாக்கும் ஹிப்போகேம்பஸில் கார்டிசாலை ஏற்கும் வாங்கிகள் மிகுதியாகையால், நெடுநாள் அழுத்தத்தின் பளு அவ்விடத்திலேயே அதிகம் விழுகிறது. உடனடி நினைவைத் தாங்கும் முன்னெற்றிப் புறணியில் டோபமின் என்னும் நரம்பு ரசாயனம் வரம்பு மீறுவதும் தீங்கே. இரைச்சலுக்கு உட்படுத்திய குரங்குகள் உணவு எந்தக் குழியில் வைக்கப்பட்டது என்பதைச் சில விநாடிகளுக்குள் தவறவிட்டதையும், டோபமினின் செயலைத் தடுக்கும் மருந்துகளால் அக்குறை தணிந்ததையும் யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டனும் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிச்சும் 1998இல் வெளியிட்டனர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆய்வுக்கூடத்தினர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு 4 மணிநேரம் வீதம் 30 நாள் 100 டெசிபல் இரைச்சலில் வைக்கப்பட்ட எலிகள், எட்டுக் கிளைகள் கொண்ட புதிர்ப்பாதையில் இரையிருக்கும் கிளைகளை நினைவிற்கொள்ளத் தடுமாறின; அவற்றின் மூளையில் ஆக்சிஜனேற்றச் சிதைவு மிகுந்து, நரம்பணுக்களின் கிளையிழைகள் குறைந்திருந்தன. ஆயினும் 100 டெசிபல் என்பது ஆலைக்குள் கேட்கும் பேரோசை. தெருவோர வீட்டில் வசிப்போருக்கு இம்முடிவை அப்படியே பொருத்துவது அவசரமாகும்.

மனிதரைப் பற்றிய சிறந்த சாட்சியம், 1992 மே மாதத்தில் மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது திறக்கப்பட்டபோது, இரு பக்கத்துச் சிறுவரையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒலி புகாத வண்டியில் அமர்த்திச் சோதித்ததால் கிட்டியது. புதிய நிலையத்தை அடுத்த சிறுவரிடம் வாசிப்புத் திறனும் நீண்டகால ஞாபகமும் தேய, பழைய இடத்தினரிடம் அவை தேறின. தீமை மீளக்கூடியது என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் அரிது. விசித்திரம் யாதெனில், புதிதாக இரைச்சலுக்கு ஆளான சிறுவரின் சிறுநீரில் அட்ரினலினும் நார் அட்ரினலினும் உயர்ந்தனவேயன்றிக் கார்டிசால் உயரவில்லை. ஆகவே பழியனைத்தையும் கார்டிசால் மீதே சுமத்தும் பொது நூல்களின் வழக்கம் ஐயத்துக்குரியது.

பரிகாரம் பெரும்பாலும் மருத்துவரிடமன்று, பொறியாளரிடமே உள்ளது. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை நோக்கிய வகுப்பறைகளில் பயின்ற மாணவர் வாசிப்பில் பின்தங்கியிருந்தமையை 1975இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் எடுத்துக்காட்டினார். தண்டவாளத்தின் கீழ் ரப்பர் மெத்தைகளும், வகுப்பறைகளில் ஒலியுறிஞ்சும் மேற்கூரையும் அமைத்த பின்னர், 1981இல் அவர் வெளியிட்ட மறு ஆய்வில் அவ்வேற்றுமை காணப்படவில்லை.