தேனியின் டிஷ் ஆன்டெனாக்கள்

இரண்டு ஊர்களைக் கம்பியில்லாமல் இணைக்கும் ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும் வேலை, நிலத்தைப் பார்ப்பதில் தொடங்குகிறது. 2,668 அடி உயரத் திருவண்ணாமலை உச்சியில் ஏற்றும் கார்த்திகை தீபம் சுற்றுவட்டக் கிராமங்களுக்குத் தெரியக் காரணம், இடையில் மறைப்பு இல்லாததே. வைஃபை அலைக்கும் அத்தகைய நேர்ப்பார்வை வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது; பார்வைக்கோட்டைச் சுற்றிலும் தாராளமான காலியிடம் இருக்க வேண்டும்.

2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது. சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்தே மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசுவது திட்டம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் ஆய்வுக் குழு இதற்கான வலையமைப்பை உருவாக்கியது. முதலில் ஐந்து மையங்கள், ஒன்பது இணைப்புகள். மிகக் குறுகியது 1 கிலோமீட்டர். மிக நீண்டது, ஆண்டிப்பட்டிக்குச் செல்வது, 15 கிலோமீட்டர்.

அந்த 15 கிலோமீட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவழியில் பார்வைக்கோட்டுக்குக் கீழே சுமார் 13 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் 3 மீட்டர் சேர்க்க வேண்டும். இடையில் 20 மீட்டர் தென்னந்தோப்பு நின்றால் கணக்கு 36 மீட்டரைத் தொடும். அங்கே எழுப்பிய டவர்கள் 24 முதல் 42 மீட்டர் வரை இருந்ததன் நியாயம் இதுதான். எல்லா இடத்திலும் டவர் கட்டவில்லை. சில ஆன்டெனாக்கள் மொட்டைமாடிக் கம்பங்களில் ஏறின. ஒரு ஜவுளி ஆலை வளாகத்தின் புகைபோக்கியும் கைகொடுத்தது.

எத்திசையும் பரப்பும் குச்சி ஆன்டெனா இவ்வளவு தூரத்துக்கு உதவாது. ஆற்றலை ஒரே திசையில் குவிக்கும் டிஷ்தான் பொருத்தம். இவ்வகை இணைப்புகளில் பரவலாகப் பயன்படும் 24 டிபிஐ (ஆன்டெனாவின் குவிப்பை அளக்கும் அலகு) டிஷ், சிக்னலை ஏறத்தாழ 250 மடங்கு குவிக்கிறது. முழுத் தகட்டைவிடக் கம்பிவலை டிஷ் காற்றுக்குக் குறைவாகவே முகம் கொடுக்கும். காற்றாலைகள் சுழலும் தேனி மாவட்டத்தில் அது பெரிய அனுகூலம்.

டிஷ்ஷின் அருமையைச் சட்டமும் கூட்டியது. 2005 ஜனவரியில் இந்தியா 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. ஆனால் ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்து 4 வாட்டே உச்சவரம்பு. 24 டிபிஐ டிஷ் மாட்டினால் ரேடியோ வெறும் 16 மில்லிவாட்டில் இயங்க வேண்டும். பெறும் முனையின் குவிப்புக்கோ வரம்பு இல்லை. அதனால் இரு முனையிலும் நல்ல டிஷ் வைப்பதே புத்திசாலித்தனம்.

ஒரே டவரில் இரண்டு மூன்று டிஷ்கள் சேர்ந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. எவ்வளவு கூர்மையான டிஷ்ஷும் பக்கவாட்டில் கொஞ்சம் கசியும். ஒன்று அனுப்பும்போது அருகிலிருப்பது தூரத்து முனகலைக் கேட்க முடியாது. ஒரே இடத்து டிஷ்கள் எல்லாம் சேர்ந்து அனுப்பி, சேர்ந்து கேட்க வேண்டும் என்ற தீர்வைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாஸ்கரன் ராமன், கமேஸ்வரி செப்ரோலு இருவரும் 2005-இல் முன்வைத்திருந்தனர். பெர்க்லி குழு அதை வளர்த்து, 2007-இல் வைல்ட்நெட் என்ற முறையை வெளியிட்டது.

அதன் பிறகும் இணைப்புகள் அறுந்தன. பெரும்பாலும் குற்றவாளி மின்சாரம்தான். மின்னழுத்தம் தாறுமாறாக எகிறியதில் டவர் உச்சியிலிருந்த ரேடியோ போர்டுகள் கருகின. நிலையான மின்சாரம் தரும் சூரிய மின் கட்டுப்பாட்டுக் கருவியை அக்குழுவே வடிவமைத்தது. அன்றாடப் பராமரிப்பை மருத்துவமனையின் ஊழியர்கள் கற்றுக்கொண்டு பொறுப்பேற்றனர்.