ஒட்டுக் கன்றும் குட்டை மரமும்

கொடைக்கானலில் பிளம்ஸ், பீச் மரங்களைப் பார்க்கிறவர்கள் அவை அந்த மலைக்கே உரியவை என்று நினைப்பதுண்டு. இல்லை. 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் அங்கே வீடு கட்டிய பிறகு வந்து சேர்ந்தவை. 1863-இல் ஏரியை அமைத்த கலெக்டர் லெவிஞ்ச், ஐரோப்பியப் பழ மரங்கள் பலவற்றையும் கொண்டுவந்து வளர்த்தார்.

விதை போட்டு வளர்த்தால் தாய் மரத்தின் பழம் அப்படியே வராது. அதனால்தான் ஒட்டுக் கட்டுவது. நாட்டுப் பேரியின் வேரில் நல்ல பேரி, பீச் வேரில் பிளம்ஸ். இந்த வித்தை வெள்ளைக்காரர் சொல்லித் தந்ததல்ல. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையிலேயே இது இருக்கிறது.

தோட்டத்துக்கு வரமான இதுவே போன்சாய்க்கு வில்லங்கம். கொடைக்கானலில் நாங்கள் குடியிருந்தபோது ஒரு நர்சரியில் பிளம்ஸ் ஒட்டுக் கன்று வாங்கி, தொட்டியில் வைத்து, குட்டையாக்கும் ஆசையில் தலையை ஒட்ட வெட்டினேன். அடியிலிருந்து தளதளவென்று துளிர்கள் வந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேலே இருந்த பழைய கிளைகள் மெல்லக் காய்ந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாம் வருஷம் மாசியில் பூத்தது. பிளம்ஸ் பூ வெள்ளை. தொட்டியில் இருந்ததோ ரோஸ் நிறப் பூ. பிளம்ஸ் போய்விட்டது, அடியில் இருந்த பீச் எழுந்து நின்றது!

பக்கத்துத் தோட்டக்காரப் பெரியவர் இலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "ஒட்டுக்குக் கீழே வர்ற துளிரை அன்னிக்கன்னிக்கே கிள்ளியிருக்கணும் சார். வளர விட்டா வேர்க்காரன் சும்மா இருப்பானா?"

துளிரைக் கிள்ளினாலும் இன்னொரு சங்கடம் உண்டு. ஒட்டுப் போட்ட இடம் புடைத்துக்கொள்ளும். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. பெரிய மரத்தில் அது யார் கண்ணிலும் படாது. ஒரு முழ மரத்தில் அடிமரம்தானே முகம்? ஜப்பானில்கூட ஐந்தூசிப் பைனைக் கருப்புப் பைன் வேரில் ஒட்டுவார்கள். அங்கும் பட்டை வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே, போன்சாய்க்குக் கன்று எடுக்கிறவர்கள் அடித்தண்டில் மண்ணைச் சற்று விலக்கிப் பாருங்கள். முடிச்சோ கோணலோ தெரிந்தால் யோசியுங்கள். விதைக் கன்று, போத்து, பதியன் இவை உத்தமம்.

அந்த பீச்சை நான் பிடுங்கவில்லை. பீச்சாகவே வளர்த்தேன்.