சுக்கானும் கருவியும்



உழவர்கரையில் வாழும் எனக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரின் பெயரில் ஏர் இருக்கிறது, கப்பல் இல்லை. ஆயினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. உழவனுடைய கை மேழியில் இருக்கிறது. மீகாமனுடைய கை சுக்கானில் இருக்கிறது. மேழியை விட்டால் சால் கோணும். சுக்கானை விட்டால் கப்பலின் திசை கோணும். அந்தச் சுக்கானிலிருந்து மனிதன் தன் கையை எடுத்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இதனை இப்பொழுது கூறுவதற்குக் காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்க்கப்பல் கோவாவிலிருந்து புறப்பட்டது. அதன் நீளம் 56 அடி. அதில் சென்றவர் இருவரே. ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியாவின் ஃபிரீமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய துறைமுகங்களில் தங்கி, 25,000 கடல் மைலுக்கும் மேல் கடந்து, 2025 மே 29ஆம் நாள் அவர்கள் கோவா திரும்பினர்.

இருவர் மட்டுமே உள்ள கப்பலில் ஒருவர் உறங்கவேண்டும். மற்றவர் பாய்களைச் சீர்செய்யவேண்டும், உணவு சமைக்கவேண்டும், கிழிந்ததைத் தைக்கவேண்டும். அப்படியாயின் இரவும் பகலும் சுக்கானைப் பிடிப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடியே பல தலைமுறை மாலுமிகள் உழைத்தனர்.

முதல் விடை கயிறு. 1895 முதல் 1898 வரை உலகைத் தனியே சுற்றி வந்த ஜோஷுவா ஸ்லோக்கம், பாய்களைச் சமன்செய்து சுக்கானைக் கயிற்றால் கட்டிவிடுவார். இந்துமாக்கடலில் 2,700 மைல் தொலைவை 23 நாட்களில் கடந்தபோது, தாம் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்திற்கு மேற்படவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அது அவருடைய 'ஸ்பிரே' கப்பலின் வடிவம் தந்த பேறு. எல்லாக் கப்பல்களும் அவ்வாறு அடங்கி நடப்பதில்லை.

இரண்டாவது விடை பெரிய கப்பல்களில் தோன்றியது. 1922இல் நிக்கொலாஸ் மினார்ஸ்கி என்னும் அறிஞர், தேர்ந்த மீகாமன் சுக்கானை எவ்வாறு திருப்புகிறான் என்பதைக் கணிதமாக்கினார். நல்ல மீகாமன் கப்பல் எவ்வளவு விலகியது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு விரைவாக விலகுகிறது என்பதையும் பார்க்கிறான். சிறு விலகல்கள் நெடுநேரம் சேர்ந்து எவ்வளவாயின என்பதையும் மனத்திற் கொள்கிறான். இம்மூன்றையும் கூட்டியே கை திருப்புகிறது. இன்றைய தானியங்கிச் சுக்கானின் உயிர்நாடி இந்த மூன்று கூறுகளே. இயந்திரம் மனிதனிடம் பாடம் கேட்ட கதை இது.

ஆனால் சிறு பாய்க்கப்பலில் அத்தகைய இயந்திரத்தை ஓட்ட மின்சாரம் ஏது? 1960இல் பிளிமத்திலிருந்து நியூயார்க் வரை தனி மாலுமிகளின் போட்டி நடந்தபோது, பிளாண்டி ஹாஸ்லர் என்பவர் காற்றையே வேலை வாங்கினார். கப்பலின் பின்புறத்தில் ஒரு மெல்லிய தகடு. கப்பல் விலகினால் காற்று அத்தகட்டை அசைக்கும்; அவ்வசைவு நீரில் உள்ள துடுப்பைத் திருப்பும்; ஓடும் நீரின் விசை சுக்கானைத் திருப்பும். மின்சாரம் ஒரு துளியும் வேண்டியதில்லை.

அக்கருவியும் உடையக் கூடியதே. 1964இல் அதே போட்டியில் கலந்துகொண்ட பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எரிக் தபர்லியின் காற்றுத்தகடு எட்டாம் நாள் முறிந்தது. எஞ்சிய பயணம் முழுவதும் அவர் கையாலேயே செலுத்தி 27 நாட்களில் கரை சேர்ந்து வென்றார். 1968இல் புறப்பட்டு, எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அவருடைய தானியங்கும் கருவி ஆஸ்திரேலியாவை அடையுமுன்பாகவோ அதை ஒட்டியோ முற்றிலும் பயனற்றுப் போயிற்று. அவர் பாய்களைச் சமன்செய்தும் கையால் பிடித்தும் 1969 ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

1970களில் மின்கலத்தால் இயங்கும் சிறு தானியங்கிச் சுக்கான்கள் பாய்க்கப்பல்களுக்கு வந்தன. இன்று திசைகாட்டி, வேகமானி, ஆழமானி, காற்றுமானி, செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி ஆகிய யாவும் ஒரே கம்பித் தொடரில் இணைந்து பேசிக்கொள்கின்றன. இவற்றைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும் ஒரு தனிக்கலை. அதில் நீங்கள் பள்ளியில் படித்த பாடங்களையே காணலாம்.

கருவியின் வலிமையைக் கப்பலின் நீளத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யலாகாது. உணவும் நீரும் எரிபொருளும் ஏற்றியபின் உள்ள எடையைப் பார்க்கவேண்டும். அமைதியான கடலில் போதுமானதாகத் தோன்றும் இயந்திரம் புயலில் தோற்றுவிடும். திசைகாட்டியின் உணர்கருவியைக் கப்பலின் நடுப்பகுதியில், ஆட்டம் குறைந்த தாழ்வான இடத்தில் வைப்பர். அருகே இரும்போ ஒலிபெருக்கியின் காந்தமோ இருத்தலாகாது, மின்கம்பியும் செல்லலாகாது. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் எர்ஸ்டெட் கண்டாரே, அதே உண்மைதான் இங்கே கப்பலைத் திசை தப்பச் செய்யும். காற்றுமானி பாய்மரத்தின் உச்சியில் அமையும். திசைகாட்டியை மட்டும் நம்பினால் காற்று மாறும்போது பாய் திடீரெனப் புரண்டு பாய்மரத்தையே முறிக்கலாம். ஆதலால் காற்றின் கோணத்தைக் காத்துச் செல்லவும் கருவிக்குத் தெரியவேண்டும். சுக்கானைத் தள்ளும் தண்டைச் சுக்கானின் அச்சிலேயே தனியாகப் பூட்டுவது நன்று. சக்கரத்திலிருந்து வரும் வடம் அறுந்தாலும் அப்பொழுது கருவி சுக்கானைத் திருப்பும்.

வகுப்பில் பழகிய வழக்கத்தால் ஒரு கணக்கும் சொல்கிறேன். தானியங்கிச் சுக்கான் சராசரியாக 4 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். 24 மணி நேரத்திற்கு 96 ஆம்பியர் மணி ஆகிறது. ஈய மின்கலத்தின் கொள்ளளவில் பாதிக்கு மேல் செலவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஏறத்தாழ 200 ஆம்பியர் மணி கொண்ட மின்கலம் இதற்கு மட்டுமே வேண்டும். செலவிட்டதை நாள்தோறும் சூரியத் தகடோ எஞ்சினோ ஈடுசெய்ய வேண்டும். இக்கணக்கைத் துறைமுகத்தில் போடாதவன் நடுக்கடலில் போட நேரும்.

அப்படியானால் பழைய முறையே போதுமா? அதுவும் இல்லை. 2018இல் நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, 1968ஆம் ஆண்டுக் காலத்துக் கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம் என்ற விதியுடைய போட்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். செப்டம்பர் 21ஆம் நாள் தென் இந்துமாக்கடலில் புயல் அவருடைய கப்பலைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது; முதுகெலும்பு காயமுற்றது. அவரால் எழவும் இயலவில்லை. ஆபத்துக்கென வைத்திருந்த செயற்கைக்கோள் கருவியின் வழியே அவர் அனுப்பிய செய்திதான் மீட்போரை அழைத்தது. செப்டம்பர் 24ஆம் நாள் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அவர் மீண்டும் 2022இல் அதே போட்டிக்குச் சென்றார். வழியில் காற்றுத்தகட்டுக் கருவி பழுதுற்றபோது கழிவறைக் கதவையும் பிரித்து அதற்கு உறுப்புச் செய்துகொண்டார். 2023 ஏப்ரலில் இரண்டாமிடம் பெற்றார். ஒரு முறை மின்னணுக் கருவி அவர் உயிரைக் காத்தது. மறுமுறை அவருடைய கைத்திறன் கருவியைக் காத்தது.

தாரிணியைக் கட்டியவர்கள் இவ்வரலாற்றை அறிந்தவர்கள். மின்னணுக் கருவித் தொகுதியோடு, அது தவறினால் துணையாக ஒரு காற்றுத்தகட்டையும் அதில் பொருத்தினர். 2025 சனவரி 30ஆம் நாள் தில்னாவும் ரூபாவும் 'நெமோ முனை'யைக் கடந்தனர். உலகில் எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான கடற்புள்ளி அது. மிக அண்மையிலுள்ள நிலமே 2,688 கிலோமீட்டர் அப்பால். அங்கே பழுதுபார்க்கும் கடை இல்லை. உதவிக்கு ஆளும் இல்லை. கரையில் எது தேர்ந்தெடுக்கப்பட்டதோ, எது எப்படிப் பூட்டப்பட்டதோ, அதுவே அங்குத் துணை.

மாணவர்களே, உங்கள் காலம் கருவிகளின் காலம். ஒரு கருவியை வாங்கும்போது அது என்னென்ன செய்யும் என்று கேட்பீர்கள். அது நின்றுபோனால் நான் என்ன செய்வேன் என்றும் உடன் கேளுங்கள். அந்த இரண்டாம் வினாவுக்கு விடை உடையவருக்கே கருவி ஏவலாளாக இருக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் நாளில், நம் ஊரின் மகள் ஒருவர் சுற்றி வந்த கடல் இது என்பதை நினைவு கொள்ளுங்கள்.