கிராப்பின் பூர்வ சரித்திரம்

தலைமயிரைக் கத்தரித்துக் கொள்வதும் ஒரு சரித்திர விஷயமோ என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். 'கிராப்பு' என்று நாம் வழங்கும் சொல் ஆங்கிலத்தினின்று நம் பாஷைக்கு வந்தது என்பதையும், அவ்வழக்கம் மேனாட்டில் பரவிய காலம் ஓர் அரசனின் சிரம் உருண்ட காலமே என்பதையும் அறிந்தோர் நகையார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்துப் பிரபுக்களின் தலை, தலையாக இருக்கவில்லை. கொழுப்பினாலாய பூச்சைத் தடவி, அதன்மேல் வெண்மாவைத் தூவினர். ஆடவர் பொய்ம்மயிர் அணிந்தனர். சீமாட்டிகளோ, உள்ளே கம்பியும் திண்டும் வைத்து மயிரைக் கோபுரம்போல் உயர்த்தினர். அதைக் கட்டி முடிப்பதற்கே பல நாழிகை கழியும். உழைத்துண்பார்க்கு அவ்வளவு நேரமேது? ஆகவே, உழையாமையே உயர்குடியின் இலட்சணம் என்று அத்தலைகள் பறைசாற்றி நின்றன.

1789ல் புரட்சி எழுந்தது. 1791ல், தால்மா என்னும் நடிகர் வால்டேர் இயற்றிய 'புரூட்டஸ்' நாடகத்தில் தீத்துஸ் வேஷம் தரித்தார். இந்தத் தீத்துஸ், உரோமாபுரியில் முடியரசை மீட்கச் சூழ்ந்த சதியில் அகப்பட்டு, குடியரசைக் காத்த தன் தந்தையாலேயே மரண தண்டனை விதிக்கப்பெற்றவன். தால்மா பண்டை உரோமரின் சிலைகளைப் போலத் தம் மயிரைக் குட்டையாகக் கத்தரித்து, மாவின்றி மேடையேறினார். கண்ட பாரீஸ் வாலிபர் பலர் அவ்வாறே கத்தரித்துக் கொண்டனர். 'தீத்துஸ் சிகை' என்று அதற்குப் பெயரும் ஆயிற்று.

அதன் அமைப்பு எளிது. பிடரியில் ஒட்டக் கத்தரித்து, உச்சியிலும் நெற்றியிலும் சற்று நீளமாய், அடுக்கடுக்காகப் படியும்படி விடுவர். சிறிது எண்ணெய் தடவி விரல்களாற் கோதிக் கலைத்துவிட்டால், காற்றில் அலைந்தாற்போலச் சுருள்கள் நெற்றியில் விழும். கலைந்திருத்தலே அதன் அழகு.

நிற்க. ஆங்கில நாட்டில் 1795ல் தானியப் பஞ்சம் நேரிட்டது. ஏழை உண்ணும் கோதுமையே தலைக்கு மாவாகவும் செலவாயிற்று. யுத்தச் செலவுக்குப் பணம் வேண்டிய மந்திரி பிட், தலைமாவு இடுவோர் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், வரி செலுத்த வேண்டும் என்று சட்டஞ் செய்தார். அவருக்கு எதிர்க்கட்சியினரான பெட்போர்டு பிரபுவும் நண்பரும் மாவைத் துறந்து மயிரைக் கத்தரித்துக் கொண்டனர். வரி செலுத்தினோரைக் 'கினிப் பன்றிகள்' என்று ஊரார் எள்ளினர்.

ஆயினும், சிகை மாறினால் சிந்தையும் மாறும் என்பது நியதியன்று. அரசனைக் கொல்லவேண்டுமென வாதித்த ரொபெஸ்பியர், 1794ல் தாம் மடியும் வரையில் தலைமாவை விட்டாரில்லை. மாவைத் துறந்த பெட்போர்டோ பிரபுவாகவே வாழ்ந்தார். கத்தரிக்கோல் செய்யும் சீர்திருத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு.

அவ்வெல்லை எங்குளது என்பதைப் பெண்டிரின் கதை காட்டும். அந்நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மாதரும் தீத்துஸ் சிகையை மேற்கொண்டனர். சிரச்சேத யந்திரத்தின் கத்திக்குத் தடையாகாதபடி, தண்டனை பெற்றோரின் பிடரி மயிரைக் கத்தரிப்பது அக்காலத்து வழக்கம். வெறுமையான பெண் கழுத்தைக் கண்டு அதை நினைந்தோரும் உண்டு. ஆடவர் கத்தரித்தபோது அது உரோம வீரம் எனப்பட்டது. பெண்டிர் கத்தரித்தபோது பெண்மைக்கு இழுக்கு எனப்பட்டது. கத்தரிக்கோல் ஒன்றே, தீர்ப்பு மட்டும் இரண்டு!

நம்மவரிடையேயும் நிகழ்ந்தது இதுவே. குடுமியைக் களைந்து கிராப்பு வைத்த முதல் தலைமுறையினரைக் குலாசாரம் கெடுத்தோர் என்று பெரியோர் தூற்றினர். இன்று குடுமி வைத்த ஆடவரைக் காண்பது அரிது. குலம் ஒன்றும் முழுகிவிடவில்லை. அப்படியிருந்தும், மகள் ஒருத்தி தன் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றால், கிராப்பு வைத்த தந்தையே, பாட்டனார் தம்மை ஏசிய அதே சொற்களால் அவளை ஏசுகிறார்.

நீள்கூந்தல் அழகன்று என்பது நம் வாதமன்று. விரும்பி வளர்ப்பாள் வளர்க்கட்டும். ஆனால், தன் தலையைப்பற்றிய தீர்மானத்தைத் தந்தை தாமே செய்துகொண்டார். அவ்வுரிமையை மகளுக்கு மறுக்க அவருக்கு நியாயம் யாது? ஏசுமுன் அவர் ஒருமுறை கண்ணாடியைப் பார்ப்பாராக.