யூரிக் அமில உயர்வு: காரணம் அறிதல்

யூரிக் அமில உயர்வு என்பது, உடலணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் சிதைந்து உண்டாகும் கழிவு இரத்தத்தில் தேங்கும் நிலை. ஆண்களில் டெசிலீட்டருக்கு 7, பெண்களில் 6 மில்லிகிராமைத் தாண்டினால் உயர்வு என்பர். புத்தளத்து உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்புப் பூப்பதுபோல, ஏறத்தாழ 6.8க்கு மேல் யூரேட் படிகமாகத் தொடங்கும். மூட்டில் படிந்தால் கவுட். சிறுநீரகத்தில் படிந்தால் கல்.

கற்பிட்டி முதல் சிலாபம் வரையான மீனவர் கரையில் பழி முதலில் நெத்தலிக் கருவாட்டின் மீதே விழும். நெத்தலி, சூடை, இறால் ஆகியவற்றில் பியூரின் மிகுதி என்பது மெய்தான். ஆனால் கடும் பத்தியம் இருந்தாலும் அளவு பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவே இறங்கும். யூரிக் அமிலத்தில் மூன்றில் இரு பங்கை உடலே உண்டாக்குகிறது. பத்தில் ஒன்பது பேரிடம் கோளாறு உற்பத்தியில் இல்லை, வெளியேற்றத்தில். கறிச்சட்டியைக் குறைசொல்லுமுன், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினையும் சிறுநீரையும் பார்ப்பதே முறை.

அடுத்துப் பார்க்க வேண்டியது குளிசைப் பை. கிளினிக்குக்கு வருபவர் அதை மேசையில் கொட்டினால் பாதி விடை கிடைத்துவிடும். பிரஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைட், நீர் இறக்கும் புரூசமைட், இதயத்துக்கான சிறு அளவு அஸ்பிரின், காசநோய்க்கான பைரசினமைட் எல்லாமே யூரிக் அமிலத்தை ஏற்றும். லோசார்ட்டன் இறக்கும். எனினும் குளிசையை மாற்றுவது மருத்துவரின் வேலை. தாமாக நிறுத்துவது ஆபத்து.

நண்பகல்வரை வெயிலில் வலை இழுத்தவரின் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தால், நீர் போதவில்லை. சிறுநீரகம் யூரேட்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதன்மேல் கள்ளோ சாராயமோ சேர்ந்தால் இன்னும் ஏறும்.

உற்பத்தி மிகுவது குறைவானவர்களில்தான்: சொரியாசிஸ், இரத்தப் புற்றுநோய், அரிதாகப் பிறவி நொதிக் குறைபாடு. வழக்கமான உணவில் 24 மணிநேரச் சிறுநீரில் 800 மில்லிகிராமுக்கு மேல் யூரிக் அமிலம் போனால் இந்தப் பக்கம் தேட வேண்டும்.

கவுட் நோயாளியின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை ஆங்கிலேய மருத்துவர் ஆல்பிரெட் காரட் 1848இல் காட்டினார். ஆயினும் கவுட்டால் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்திருக்கும் நாட்களில் அளவு சரியாகவே காட்டக்கூடும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் யூரேட்டை வெளியேற்ற உதவும். ஆகவே இளம்பெண் ஒருவரிடம் உயர்வு கண்டால், சிறுநீரகத்தையும் மருந்துகளையும் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.