தும்பாவில் இறங்கிய குடைகள்

தும்பா என்றதும் நம்மவர்கள் மேலே போன ராக்கெட்டைத்தான் சொல்வார்கள். 1963 நவம்பர் 21 அன்று கிளம்பிய நைக்-அப்பாச்சி, அலுவலகமாக மாறிய மாதா கோயில், சைக்கிளில் போன ராக்கெட் முனை, எல்லாம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கீழே இறங்கியதைப் பற்றிப் பேசுவார் கிடையாது. இந்தக் கடற்கரை உலகுக்குக் கொடுத்த அறிவில் பெரும்பங்கு இறங்குகையில் கிடைத்தது என்பது என் கட்சி.

1970 டிசம்பர் முதல் 1993 வரை, புதன்கிழமைதோறும் சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட் இங்கிருந்து ஏவப்பட்டது. மேலே போனதும் முனைப்பகுதி பிரிந்து வான்குடையில், அதாவது பாராசூட்டில், தொங்கியபடி இறங்கும். ரேடார் அதைப் பின்தொடரும். குடை கிழக்கே ஒதுங்கினால் அங்கே மேல்காற்று. மேற்கே ஒதுங்கினால் கீழ்காற்று. நிலநடுக்கோட்டுக்கு மேலே, 20 கிலோமீட்டருக்கும் அப்பால், காற்று சுமார் 28 மாதத்தில் திசை மாறித் திரும்பும் ஒரு சுழற்சி உண்டு. அதை ஆராய இந்தப் புதன்கிழமைக் கணக்குகள் பெரிதும் உதவின.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எடை கீழே இழுக்கிறது, காற்று தாங்குகிறது. இரண்டும் சமமானால் வேகம் அதற்குமேல் ஏறாது. ஆனால் 60 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் ஏறத்தாழ 4000-இல் ஒரு பங்குதான். வேகம் இதன் வர்க்கமூலக் கணக்கில் போவதால், அந்தச் சமநிலை வேகம் அங்கே 60 மடங்குக்கும் மேல்! அவ்வளவு உயரத்தில் குடை சும்மா பேருக்குத்தான். அதற்குத்தான் மயிரிழை போன்ற செம்புத் துகள்களைத் தூவி ரேடாரில் பார்ப்பது. நம் ரோகிணி-200 அந்த வேலையைச் செய்கிறது.

(அசைவுக்குத் துணை தன்மாத்திகாயம், நிலைத்தலுக்கு அதன்மாத்திகாயம் என்பது எங்கள் சமண நூல்களின் கொள்கை. அதைக் காட்டி, ஈர்ப்புவிசை அன்றே தெரியும் என்று பேச நான் வரவில்லை.)

வீட்டில் செய்து பார்க்க மொட்டைமாடியும் பழைய குடைத்துணியும் போதும். பருத்தி வேட்டி ஆகாது, இழைகளுக்கிடையே காற்று கசியும். ஓரடிச் சதுரம் ஒன்று, ஈரடிச் சதுரம் ஒன்று. நான்கு மூலையிலும் நூல், ஒரே எடையில் கல். பரப்பு நான்கு மடங்கானால் இறங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். குடை ஊஞ்சலாடுகிறதா? நடுவில் சிறு துளை போடுங்கள். 1797-இல் பாரிஸில் பலூனிலிருந்து குதித்த கார்னரின் இப்படித்தான் ஆடிக்கொண்டே இறங்கினார். துளை பிறகு வந்தது.

ககன்யான் கலத்துக்கு மூன்று பிரதான குடைகள். ஒன்று விரியாமல் போனால் உள்ளே இருப்பவர் கதி? 2022 நவம்பர் 18 அன்று நம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் ஜான்சி அருகே பபினாவில் அதையே சோதித்தார்கள். 2.5 கிலோமீட்டர் உயரத்தில் விமானத்திலிருந்து 5 டன் எடையைத் தள்ளினார்கள். ஒரு குடை விரியாத நிலையை வேண்டுமென்றே ஏற்படுத்தியிருந்தார்கள். எடை பத்திரமாகத் தரை சேர்ந்தது. மொத்தம் இரண்டு, மூன்று நிமிட வேலை. ஐந்தே நாளில், நவம்பர் 23 அன்று, தும்பாவில் ரோகிணி-200 தொடர்ச்சியாக 200-ஆவது முறை வெற்றி கண்டது. அதுவும் ஒரு புதன்கிழமை.